நடுவில் நின்ற முள்

யூலினார்: ...நின்ன இடத்துல இருந்தா ஒழுங்காத்தான் இருக்கு தம்பி. ஏத்தத்துல மிதிச்சா சூடு காட்டற முள்ளு மேல போகுது. சரி, சூடாயிடுச்சுன்னு ஓரங்கட்டப் போறேன்... பொத்துனு கீழ விழுந்துடுது. ரெண்டு வளைவு தாண்டினா மறுபடி எழுந்திரிக்குது.

அஸ்ரிசால்: விழறது எப்படிக்கா? மெல்ல இறங்குதா, ஒரேயடியாவா?

யூலினார்: ஒரேயடியா. கயிறு அறுந்த வாளி மாதிரி.

அஸ்ரிசால்: எத்தனை நாளா?

யூலினார்: மூணு வாரமா.

சம்சுவிர்: நா...லு.

யூலினார்: மூணு. புது பேட்டரி போட்டதுலேர்ந்து. காரை ஓட்டறது நானா, நீங்களா?

சம்சுவிர்: ஓட்டறது... நீ. பயப்படறது... நான்.

அஸ்ரிசால்: அண்ணன் நல்லாத்தானே பேசறார்.

யூலினார்: மூணு மாசத்துக்கு முன்னாடி பார்த்திருக்கணும் நீங்க. ஒரு சொல்லுக்கு அரைமணி ஆகும். இப்ப வாயை மூட வைக்கிறதுதான் பெரும்பாடு. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் தம்பி. வலது பக்கம். தையல்காரர்... கத்திரி பிடிச்ச கை. வாரம் மூணு நாள் பாடாங் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வர்றேன். காலையில மலை இறங்கறோம், சாயங்காலம் மலை ஏறி சோலோக் வீட்டுக்குப் போறோம்.

அஸ்ரிசால்: இறங்கறப்ப தொந்தரவு இல்லை?

யூலினார்: இறங்கறப்ப பச்சைப்புள்ள மாதிரி வருது. ஏறும்போதுதான். போன புதன்கிழமை சித்திஞ்சாவ் வளைவுல, முன்னாடி சிமெண்டு லாரி, பின்னாடி நிலக்கரி லாரி, முள்ளு சிவப்புல. ஓரங்கட்டக்கூட இடம் இல்லை.

சம்சுவிர்: நான் கண்ணை... மூடிக்கிட்டேன்.

யூலினார்: ரொம்ப உதவி.

அஸ்ரிசால்: பானட்டைத் திறக்கறேன்... அக்கா, அந்த ரேடியேட்டர் மூடிக்குக் கிட்ட கை கொண்டு போகாதீங்க. இப்பத் திறந்தா முகம் வெந்துடும். அரைமணி ஆறட்டும்.

யூலினார்: அரைமணியா? அஞ்சு மணிக்கெல்லாம் மேல பனி இறங்கிடுமே.

அஸ்ரிசால்: இறங்கறதுக்குள்ள ஏத்திடலாம். நீங்க உட்காருங்க. அந்த டயர் மேல வேண்டாம், எண்ணெய். இந்த ஸ்டூல்ல.

யூலினார்: உட்கார்றது இருக்கட்டும் தம்பி. எனக்கு ஒரு பதில் வேணும். வழி நெடுக எத்தனையோ பட்டறை. இவர்தான் இந்தத் தகரக் கொட்டகையைக் கைகாட்டி, இங்கதான் நிறுத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னார்.

சம்சுவிர்: இருக்கறதே... ஒத்தக்கால்தான்.

யூலினார்: பார்த்தீங்களா. சரி, கேளுங்க. இந்த முள்ளு இப்படியே ஆடினா நான் இனிமே மலை ஏற மாட்டேன். காரை வித்துடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை.

அஸ்ரிசால்: அப்ப ஆஸ்பத்திரி?

யூலினார்: அதான். சோலோக்குல பயிற்சி கொடுக்க ஆள் கிடையாது. பஸ் படியில இவரை ஏத்தி இறக்க என் உடம்புல தெம்பு கிடையாது. கை வர்றதுன்னா முதல் ஆறு மாசத்துக்குள்ள வரணும்னு டாக்டர் சொல்லிட்டார். பாதி போயாச்சு. போன வாரம்தான் ரெண்டு விரல் அசைஞ்சுது.

சம்சுவிர்: மூ...ணு.

யூலினார்: ரெண்டு. மூணாவது நீங்க இடது கையால தூக்கினது. நான் பார்த்தேன்.

அஸ்ரிசால்: முள்ளை ஒரு வழி பண்ணிடலாம்க்கா. முதல்ல இந்த ஒயரை ஆட்டிப் பார்க்கறேன். நீங்க உள்ள எட்டி முள்ளைப் பாருங்க... ஆடுதா?

யூலினார்: இல்லை.

அஸ்ரிசால்: இப்ப?

யூலினார்: அசையவே இல்லை.

அஸ்ரிசால்: அப்ப ஒயர்ல கோளாறு இல்லை. மேல் ஹோஸ் கொதிக்குது. கீழ் ஹோஸ்... பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. என்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி சுத்தலை. அக்கா, உங்க முள்ளு பொய் சொல்லலை. அது கீழ விழறப்ப சூடு குறைஞ்சுதுன்னு நினைச்சீங்க, இல்ல?

யூலினார்: அப்பாடான்னு மூச்சு விடுவேன்.

அஸ்ரிசால்: அப்பதான் ரொம்ப மோசம். சூட்டைச் சொல்ற சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும். தண்ணி குறைஞ்சு உள்ள காத்து புகுந்துடுச்சு. ஏத்தத்துல மூக்கு தூக்கறப்ப காத்து அந்தப் பக்கம் போய் நின்னுக்குது. சென்சார் காத்துல தொங்குது. தொட்டுப் பார்க்கத் தண்ணி இல்லை, சூடு இல்லைன்னு சொல்லுது. மறுபடி தண்ணி தொட்டதும் துள்ளி எழுந்திரிக்குது.

யூலினார்: தண்ணி குறைஞ்சுதா? அது எப்படிக் குறையும்?

அஸ்ரிசால்: ஏன்க்கா?

யூலினார்: இல்லை... சும்மா கேட்டேன்.

அஸ்ரிசால்: ஆனா ஒண்ணு புரியலை. இங்க கீழ ஒரே ஈரம். ஒழுகுதுன்னு குனிஞ்சு பார்த்தா துரு இல்லை, கறை இல்லை. குடிக்கிற தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு. எங்கேர்ந்துன்னு பார்த்தா கண்ணாடி கழுவத் தண்ணி பீச்சற டப்பா. கழுத்து வரைக்கும் ரொம்பி வழியுது. யாருக்கா இதுல இவ்வளவு ஊத்தினது?

யூலினார்: மழையா இருக்கும்.

அஸ்ரிசால்: பானட்டுக்குள்ளயா?

யூலினார்: சோலோக் மழை எங்க வேணாலும் பெய்யும்.

சம்சுவிர்: மூணு மாசமா... மழையே இல்லை.

யூலினார்: உங்களுக்கு எப்படித் தெரியும்? படுத்தே கிடந்தீங்க. தம்பி, சட்டை நல்லா தைச்சிருக்கே. காலர் எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு. எங்க தைச்சீங்க?

அஸ்ரிசால்: இதா... பழைய சட்டைக்கா. பாடாங்குல கடையில தொங்கினதை வாங்கினது.

யூலினார்: அப்படியா. நல்ல கடை. பாங்கு சொல்லிட்டாங்க, எதிர்ப் பள்ளிவாசல்ல தொழுதுட்டு வந்துடறேன். என்னங்க, கிளம்பறதுக்குள்ள தம்பியோட உதவியில வண்டியை விட்டு இறங்கி வீரத்தைக் காட்டாதீங்க.

சம்சுவிர்: நான்... விருந்தாளி. சொன்ன இடத்துல... உட்கார்ந்திருப்பேன்.

யூலினார்: முப்பத்திரண்டு வருஷமா இதே பாட்டு தம்பி. வீடு எங்கம்மா வழியில எனக்கு வந்தது, இவர் கட்டிக்கிட்டு வந்து சேர்ந்தவர். எங்க பக்கம் எல்லா ஆம்பளைக்கும் அதுதான் நிலைமை. ஆனா இவர் மட்டும்தான் அதைச் சொல்லியே ஒரு வேலையும் செய்ய மாட்டார். வர்றேன்.

சம்சுவிர்: போயி...ட்டாளா?

அஸ்ரிசால்: படியேறிட்டாங்க. செருப்பைக் கழட்டறாங்க... உள்ள போயிட்டாங்க. அண்ணே, என்னண்ணே இது. உங்களை இப்படிப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை. சொல்லி அனுப்பியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?

சம்சுவிர்: அழாதே. அவ... மோப்பம் பிடிச்சுடுவா.

அஸ்ரிசால்: அழலை. பெட்ரோல் வாசம். சட்டையைக் கேட்டாங்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்க கையால தைச்சதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு.

சம்சுவிர்: ஒயர்... யாரு மாட்டினது?

அஸ்ரிசால்: பேட்டரி மாத்தினவங்கதான் மாட்டியிருக்காங்க. சென்சார்கிட்ட ஒயர் கழண்டு தொங்குதுன்னு நினைச்சு, நல்லது பண்றோம்னு செருகிட்டாங்க. முள்ளை ஏமாத்த நான் கட்டின துண்டு இதோ இங்க அனாதையாத் தொங்குது. பதினோரு வருஷம். துரு பிடிச்சும் விழலை பாருங்க.

சம்சுவிர்: மறுபடி... கட்டு.

அஸ்ரிசால்: அண்ணே...

சம்சுவிர்: கட்டு. முள்ளு நடுவுல... நிக்கணும். அவ பயந்தா... மலை ஏற மாட்டா.

அஸ்ரிசால்: முடியாது அண்ணே.

சம்சுவிர்: அன்னிக்கு... செஞ்சியே.

அஸ்ரிசால்: அன்னிக்கு எனக்கு அறிவு இல்லை. சோலோக் சந்தையில உங்க கடைக்குப் பக்கத்துல தார்ப்பாய் கட்டிப் பட்டறை போட்டுக்கிட்டு, நீங்க எது சொன்னாலும் தலையாட்டிட்டு இருந்தேன். நீங்க வந்து நின்னீங்க. அவ புதுசா ஓட்டக் கத்துக்கிட்டா, ஏரிக்கு மேல பள்ளிக்கூடத்துல வேலை போட்டிருக்காங்க, ரெண்டாம் நாளே முள்ளு கொஞ்சம் மேல போச்சுன்னு நடுரோட்டுல நிறுத்திட்டு அழுதுட்டு வந்துட்டா, வேலையே வேண்டாங்கறாள்னு சொன்னீங்க. முள்ளை நடுவுல கட்டிடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்னீங்க. சென்சார் ஒயரைக் கழட்டி, ரேடியோக்குள்ள இருக்கற சின்னத் துண்டு ஒண்ணை வெச்சு, முள்ளு எப்பவும் நடுவுலயே நிக்கற மாதிரி கட்டினேன். என்ஜின் தீப்பிடிச்சிருந்தாலும் முள்ளு நடுவுலதான் நின்னிருக்கும்.

சம்சுவிர்: பிடிக்கலையே.

அஸ்ரிசால்: ஏன் பிடிக்கலை? நீங்க தினம் விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சுத் தண்ணி பார்த்தீங்க. ஹோஸ் ஒழுகுது மாத்திடலாம்னு நான் எத்தனை தடவை சொன்னேன். கேட்டீங்களா? ஊத்தியே ஓட்டினீங்க.

சம்சுவிர்: ஊத்தறது... பிடிச்சிருந்துது.

அஸ்ரிசால்: என்னது?

சம்சுவிர்: வீடு... அவளோடது. நிலம்... அவளோடது. சம்பளம் என்னைவிட... அவளுக்கு ஜாஸ்தி. அவளுக்கு நான்... செஞ்சது... அது ஒண்ணுதான். காய்ச்சி ஆறின தண்ணி... நீலக் கெட்டில்ல. அவ எழுந்திரிக்கறதுக்குள்ள.

அஸ்ரிசால்: காய்ச்சின தண்ணியா? காருக்கா?

சம்சுவிர்: நாம மட்டும்... காய்ச்சிக் குடிக்கறோம். அதுவும்... மலை ஏறுதுல்ல.

அஸ்ரிசால்: சரியாப் போச்சு. அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அன்னிக்குக் கட்டினது சரியா இருந்ததுக்கு நீங்க காரணம். இன்னிக்குக் கட்டிட்டா தண்ணி யாரு பார்ப்பாங்க? ஏத்தத்துல தண்ணி இல்லாமப் போனா அக்காவுக்கு எது சொல்லும்? அவங்களை நான் கண்ணைக் கட்டி சித்திஞ்சாவ் ஏத்த மாட்டேன்.

சம்சுவிர்: அப்ப... கை?

அஸ்ரிசால்: கை வரும். நான் ஹோஸ் மாத்தறேன், மூடி மாத்தறேன், காத்தை எடுக்கறேன். முள்ளு தானா நிக்கும். நிஜமா நிக்கும். ஆனா ஒரு நாள் அது அசைஞ்சா அக்காவுக்கு ஏன்னு தெரியணும். சொல்லிடுங்க அண்ணே. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்.

சம்சுவிர்: நீ... தம்பியா, போலீஸா?

அஸ்ரிசால்: உங்க சட்டையைப் போட்டவன். பேசாதீங்க, வேலை பார்க்க விடுங்க... இதோ பாருங்க, கழட்டின கீழ் ஹோஸ். கிளிப்புக்குப் பக்கத்துல கீறல். கையால அமுக்கினாத்தான் வாயைத் திறக்குது. ஏத்தத்துல அழுத்தம் ஏறினதும் பீச்சி அடிக்கும், தரையில ஒரு சொட்டு தெரியாது. மூடியோட ரப்பரும் போச்சு. ரெண்டும் புதுசு மாட்டியாச்சு... அண்ணே, வர்றாங்க. முகத்தை மாத்துங்க.

சம்சுவிர்: பாதி முகம்தான்... மாறும்.

யூலினார்: என்ன, ரெண்டு பேரும் பொட்டிப்பாம்பா இருக்கீங்க? தம்பி, இவர் உங்களை ஏதாவது சொன்னாரா?

அஸ்ரிசால்: இல்லைக்கா. அண்ணன் வாயே திறக்கலை. இந்தாங்க பாருங்க, குற்றவாளி. இந்தக் கீறல்தான். புது ஹோஸ் போட்டாச்சு, மூடி புதுசு. இப்பத் தண்ணி பிடிக்குது பாருங்க... ஒண்ணு... ரெண்டு... மூணு லிட்டர். இன்னும் குடிக்குது. இவ்வளவு காலியா வெச்சுக்கிட்டா ஏறினீங்க? கடவுள் உங்க பக்கம்.

யூலினார்: மூணு லிட்டரா? உள்ள... ஒண்ணுமே இல்லாம இருந்துதா?

அஸ்ரிசால்: கிட்டத்தட்ட. ஏன்க்கா முகம் வெளுத்துப் போச்சு? உட்காருங்க. தண்ணி இல்லை இது, கூலண்ட். பச்சையா இருக்கும். இதுக்கு மேல வெறும் தண்ணி வேண்டாம். காரைச் சரிவுல மூக்கு தூக்கி நிறுத்தியிருக்கேன். மூடியைத் திறந்தே வெச்சு என்ஜினை ஓட விடறேன். காத்து குமிழ் குமிழா வெளிய வரும். வந்து எட்டிப் பாருங்க.

யூலினார்: சோறு கொதிக்கிற மாதிரி வருது.

அஸ்ரிசால்: அதேதான். ஹோஸை இப்படிப் பிசைஞ்சு விடணும்... இன்னும் வருது பாருங்க... அவ்வளவுதான், நின்னுடுச்சு. மூடியாச்சு. ஃபேனும் சுத்துது. நீங்க போய் முள்ளைப் பாருங்க.

யூலினார்: ஏறுது.

அஸ்ரிசால்: ஏறட்டும்.

யூலினார்: மெதுவா ஏறுது... நடுவுக்குக் கொஞ்சம் கீழ நின்னுடுச்சு.

அஸ்ரிசால்: ஒரு மிதி மிதிங்க.

யூலினார்: அசையலை தம்பி. அப்படியே நிக்குது. அல்ஹம்துலில்லா. நீங்க நல்லா இருக்கணும். உங்க கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இந்தாங்க, வழிக்குக் கட்டின இலைச்சோறு. மூணு பொட்டலம் இருக்கு, ரெண்டை வெச்சுக்குங்க. மறுக்காதீங்க. ரெண்டாங் இறைச்சிக் கறி நானே கிண்டினது, நாலு மணி நேரம் அடுப்படியில நின்னு.

அஸ்ரிசால்: அக்கா, எனக்கு எதுக்கு இவ்வளவு...

யூலினார்: வாங்கிக்குங்க. மூணு விரல் அசைஞ்சவருக்கு நாலாவது விரல் அசையணும்னா நீங்கதான் காரணம்.

சம்சுவிர்: மூணுன்னு... ஒத்துக்கிட்டா.

அஸ்ரிசால்: அண்ணே. சொல்லுங்க.

சம்சுவிர்: அவ... சந்தோஷமா இருக்கா. நாளைக்கு.

அஸ்ரிசால்: அண்ணே.

யூலினார்: என்னத்தைச் சொல்லணும்?

சம்சுவிர்: யூலி... முள்ளு. பதினோரு வருஷமா... நடுவுல நின்னுதே. அது... பொய். நான்தான்... கட்டச் சொன்னேன்.

அஸ்ரிசால்: கட்டினது நான்க்கா. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. நீங்க பயப்படக்கூடாதுன்னு அண்ணன் கேட்டார், நானும் யோசிக்காம செஞ்சுட்டேன். எங்களுக்குள்ள முன்னாடியே பழக்கம். தெரியாதவன் மாதிரி நடிச்சதும் தப்பு. ஆனா அண்ணன் ஒரு நாள் விடாம விடியக்காலையில எழுந்திரிச்சுத் தண்ணி ஊத்தித்தான் உங்களை அனுப்பியிருக்கார். அது பொய் இல்லை.

சம்சுவிர்: என்மேல... கோவமா?

அஸ்ரிசால்: அக்கா, இப்ப இருக்கறது நிஜ முள்ளு. இதை நம்பி ஏறலாம். வித்துடறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அண்ணனோட கை...

சம்சுவிர்: யூலி. மலை... ஏறுவியா?

யூலினார்: முதல்ல அந்தக் கண்ணைத் துடைங்க, ரெண்டு பேரும். ஏன் தம்பி, இவர் தையலை எனக்கே மறைக்கப் பார்த்தீங்களா? காலரைத் திருப்பிப் போட்டு இரட்டைத் தையல் போடற ஆள் சோலோக்குல ஒருத்தர்தான். என்னங்க... ரெண்டாம் வருஷம் ஒரு நாள், என்கூட வேலை பார்க்கிற டீச்சரோட கார்ல போனேன். அவ சாவியைத் திருப்பினா முள்ளு அடியில கிடந்து மெதுவா ஏறுச்சு. நம்மளோடது சாவி போட்டதுமே நடுவுல வந்து நிக்கும், ராத்திரி பூரா குளிர்ல கிடந்த வண்டியில. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்து உங்களைக் கேட்கலாம்னுதான் விடியக்காலம் எழுந்தேன். அடுப்படி ஜன்னல்ல பார்த்தா நீங்க பனியில நின்னு, சத்தம் வராம பானட்டைத் தூக்கி, கெட்டில்ல இருந்து ஊத்திட்டு இருந்தீங்க. கேட்கத் தோணலை. அன்னிலேர்ந்து தினம் ராத்திரி ஒரு கெட்டில் தண்ணி ஜாஸ்தியாக் காய்ச்சி வெச்சேன். அது எப்படிக் குறையாம இருந்துதுன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா? முள்ளைப் பார்த்து நான் ஒரு நாளும் மலை ஏறினது இல்லை. ஜன்னல்ல உங்களைப் பார்த்துட்டுத்தான் சாவியை எடுப்பேன். நீங்க விழுந்த பிறகு ஊத்தறது நான். அதனாலதான் பயம் வந்துச்சு. எதுல ஊத்தணும்னு உங்களைக் கேட்டா, நீங்க இத்தனை வருஷம் மறைச்சது வீணாப் போயிடுமேன்னு கேட்கலை. ஜன்னல்ல இருந்து பார்த்தா உங்க முதுகுதான் தெரியும், எதுல ஊத்தினீங்கன்னு தெரியாது. வெள்ளையா, மூடியோட இருந்துது, அதுதான்னு நினைச்சு மூணு மாசமா அந்தக் கண்ணாடி கழுவற டப்பாவுலயே ஊத்தியிருக்கேன். ஏறாம என்ன, ஏறுவேன். தம்பி, பானட்டை இன்னொரு தடவை தூக்குங்க. நாளைக்குக் காலையில எந்த டப்பாவைப் பார்க்கணும்னு இவர் காட்டட்டும். வலது கையால.